இரவு ஏழு மணிக்கு அறுந்துபோன வைஃபை: ஒரு லினக்ஸ் மேசைக் கணினியின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

இணையவழியில் கணக்குப் பாடம் எடுக்கும் ஓர் ஆசிரியையின் வீட்டுக் கணினியில் நடந்த விஷயம் இது. அவர் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன்; யார் பெயரும் வர வேண்டாம் என்று பேசிவைத்திருக்கிறோம். கணினி உலோகப் பெட்டி கொண்ட டவர் வகை. மேசைக்கு அடியில், முதுகு சுவரைப் பார்த்தபடி தரையில் நிற்கும். அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர் அவருடைய அக்கா மகன். பரவலாகப் புழங்கும் ஒரு டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு). வைஃபையைக் கவனித்துக்கொள்ள வழக்கமான நெட்வொர்க் மேனேஜர், அதற்குக் கீழே, பாஸ்வேர்டைக் கொண்டு ரவுட்டரோடு இணையும் வேலையைச் செய்யும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட். யாரும் எதையும் நோண்டாத அமைப்பு.

மதர்போர்டில் வைஃபை கிடையாது. விரல் நுனி அளவுள்ள யூஎஸ்பி வைஃபை கருவி (டாங்கிள்) ஒன்று பின்பக்கம் செருகப்பட்டிருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிந்த, ஒற்றை ஆன்டெனா டாங்கிள். அதை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வருகிறது, தனியாக எதுவும் நிறுவவில்லை. ரவுட்டர் பக்கத்து அறையில், அது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் ஒரே பெயரில் ஒலிபரப்பும். இந்த ஒரே பெயர் விஷயம் பின்னால் முக்கியமாகிறது.

வெகுகாலம் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடிய இணைப்பு, திடீரென்று வகுப்பு நேரத்தில் அறுபட ஆரம்பித்தது. மாணவர்கள் திரையில் அவர் முகம் உறைந்துபோய் நிற்கும், குரல் துண்டு துண்டாகக் கேட்கும், கொஞ்ச நேரத்தில் இணைப்பே போய்விடும்.

## எங்களிடம் சொல்லப்பட்டது

"பகல்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ராத்திரி ஏழு மணி ஆச்சுன்னா போதும், போயிடுது. ஒரு அரை மணி நேரம் படுத்திட்டு அப்புறம் அதுவா சரியாயிடும்." இது ஆசிரியை சொன்னது. இந்த மூன்று வாக்கியத்தில் பாதி விடை இருக்கிறது. ஆரம்பிக்கும் நேரம், நீடிக்கும் நேரம், தானாகச் சரியாவது, மூன்றையும் அவர் சொல்லிவிட்டார். வார்த்தை மாறாமல் அப்படியே குறித்துக்கொண்டேன்.

அக்கா மகன் வேறு பக்கம் யோசித்திருந்தார். "கெர்னல் அப்டேட் ஆன வாரத்துலதான் அண்ணா ஆரம்பிச்சுது. டிரைவரை மாத்திட்டா போதும்னு நினைக்கிறேன்." ஏதோ ஒரு தளத்திலிருந்து வேறொரு டிரைவரின் மூல நிரலையும் இறக்கி வைத்திருந்தார். இன்னும் நிறுவவில்லை, நல்லவேளை.

இன்னொரு தகவலும் கிடைத்தது. இணைப்பு அறுபட்ட பிறகு சில சமயம் திரையில் வைஃபை பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி வந்து நிற்கிறது. சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் மறுபடி கேட்கிறது. பாஸ்வேர்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து ரவுட்டரில் அதை ஒருமுறை மாற்றியும் பார்த்துவிட்டார்கள். வீட்டிலிருந்த மற்ற கருவிகள் எல்லாவற்றிலும் புதிதாகப் போட வேண்டியிருந்ததுதான் மிச்சம்.

அதே மேசையில் இருக்கும் அவருடைய செல்பேசியில் அந்த நேரத்தில் இணையம் ஒழுங்காக ஓடுகிறது. ஆகவே "லினக்ஸ்தான் பிரச்சினை" என்பது வீட்டில் ஏறக்குறைய தீர்ப்பாகியிருந்தது.

## முதலில் எடுத்த முடிவு: எதையும் மாற்றாமல் பதிவெடுப்பது

வைஃபை கோளாறுக்கு இணையத்தில் தேடினால் வரும் வைத்தியம் ஏராளம். ஐபிவி6-ஐ அணை, டிஎன்எஸ்ஸை மாற்று, மின்சேமிப்பை நிறுத்து, டிரைவரை மாற்று, நெட்வொர்க் மேனேஜரையே தூக்கிவிடு. இதில் நான்கை ஒரே மாலையில் செய்துவிட்டு இணைப்பு சரியானால், எது சரிசெய்தது என்று தெரியாது. சரியாகாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். புதிதாக எதைக் கெடுத்தோம் என்பதும் தெரியாது. ஆகவே முதல் மாலை எதையும் தொடுவதில்லை, பார்ப்பது மட்டும் என்று மூவரும் ஒப்புக்கொண்டோம்.

வகுப்பு நிற்கக் கூடாது. அதற்கு மட்டும் ஒரு மாற்று ஏற்பாடு தேவைப்பட்டது. செல்பேசியைக் கேபிளால் கணினியில் செருகி யூஎஸ்பி டெதரிங்கை (செல்பேசியின் இணையத்தைக் கணினிக்குத் தரும் வசதி) இயக்கினோம். லினக்ஸ் அதைக் கம்பிவழி வலையமைப்பு போலவே எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் வேண்டியதில்லை. வகுப்பு அதில் ஓடியது. வைஃபையைத் துண்டிக்காமல் பக்கத்தில் வைத்துக் கவனிக்க முடிந்தது.

அடிப்படைச் சோதனைகளை வேகமாக முடித்தோம். வைஃபை முடக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் 'ஆர்எஃப்கில்' பட்டியலில் மென்பொருள் தடையும் இல்லை, வன்பொருள் தடையும் இல்லை. யூஎஸ்பியில் செருகியவற்றைப் பட்டியலிடும் 'எல்எஸ்யூஎஸ்பி'யில் டாங்கிள் தெரிந்தது, டிரைவர் ஏறியிருந்தது. வைஃபையை நிர்வகிக்க இரண்டு சேவைகள் போட்டி போடுகின்றனவா என்றும் பார்த்தோம். டபிள்யூபிஏ சப்ளிகன்ட்டும் அதே வேலையைச் செய்யும் ஐடபிள்யூடியும் ஒரே சமயத்தில் ஓடினால் இணைப்பு வந்து வந்து போகும். இங்கே அப்படி இல்லை.

அப்புறம் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். 10 விநாடிக்கு ஒருமுறை நேரம், ரவுட்டருக்கான பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு செய்தி), வெளியே ஒரு பொது முகவரிக்கான பிங், 'ஐடபிள்யூ' கட்டளை தரும் சிக்னல் அளவு, அனுப்பும் வேகம், ரீட்ரை (மறுபடி அனுப்பிய) எண்ணிக்கை, இவற்றை ஒரு கோப்பில் வரிசையாக எழுதும். ரவுட்டருக்கும் வெளியுலகுக்கும் தனித்தனியாகப் பிங் அடிப்பது அவசியம். ரவுட்டர்வரை போகும் பிங்கே தொலைந்தால், இணைய நிறுவனம், டிஎன்எஸ், ஐபிவி6 எல்லாவற்றையும் ஒரே அடியில் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

## பதிவில் தெரிந்தது

பகல் முழுக்க சிக்னல் மைனஸ் 67 டிபிஎம் பக்கம் நின்றது (பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு அதிகம்). பிரமாதம் என்று சொல்ல முடியாது, ஆனால் காணொலி வகுப்புக்குப் போதும். அனுப்பும் வேகம் 57.8-க்கும் 65 மெகாபிட்டுக்கும் இடையில் மாறிக்கொண்டிருந்தது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒற்றை ஆன்டெனாவுக்கு உச்சம் 72.2 என்பதால் இது நல்ல நிலைதான்.

ஏழு மணிக்கு நிலைமை தலைகீழ். ரீட்ரை எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. சில நிமிடங்களுக்குள் அனுப்பும் வேகம் படிப்படியாக இறங்கி 6.5 மெகாபிட்டில் போய் நின்றது. அந்த வகை இணைப்புக்கு அதுதான் அடிமட்டம். ரவுட்டருக்கான பிங் பாதிக்கு மேல் தொலைந்தது. அப்புறம் இணைப்பு அறுந்தது. இத்தனைக்கும் சிக்னல் அளவு மைனஸ் 66, 67, 68 என்று பகலில் இருந்த அதே இடத்தில்தான் இருந்தது. திரையின் மூலையில் இருக்கும் வைஃபை குறியில் ஒரு கோடுகூடக் குறையவில்லை.

இந்த வரிகளைத் திரையில் பார்த்தபோது எனக்கு வழக்கு திசைமாறிவிட்டது என்று தோன்றியது. சிக்னல் குறையாமல் ரீட்ரை மட்டும் ஏறுகிறது என்றால் ரவுட்டர் தள்ளிப்போகவில்லை, சுவர் தடுக்கவில்லை. வேறெதோ குறுக்கே வந்திருக்கிறது.

கணினியின் நிகழ்வுகளைக் காட்டும் 'ஜர்னல்சிடிஎல்' கட்டளை தந்த பதிவுகளும் இதோடு ஒத்துப்போயின. இணைப்பு அறுந்ததற்கான காரண எண் 4, அதோடு "உள்ளூரில் உருவானது" என்ற குறிப்பு. ரவுட்டர் வெளியேற்றவில்லை, எதிர்முனையிலிருந்து சத்தமே இல்லை என்று கணினியே முடிவெடுத்து விலகியிருக்கிறது. ரவுட்டர்கள் வழக்கமாக 102.4 மில்லிவிநாடிக்கு ஒருமுறை 'நான் இங்கே இருக்கிறேன்' என்று பீக்கன் ஒன்றை அனுப்பும். அவை தொடர்ந்து சில தவறினால் கெர்னலின் வைஃபை அடுக்கு தானாக விசாரித்துப் பார்க்கும். அதற்கும் பதில் வராவிட்டால் இணைப்பை விட்டுவிடும். நடந்தது அதுதான்.

பாஸ்வேர்டு பெட்டியின் மர்மமும் இங்கேயே தீர்ந்தது. மறுபடி இணையும்போது கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையே நான்கு செய்திகள் கைமாற வேண்டும். அதில் ஒன்று தொலைந்து நேரம் கடந்தால், பகிர்ந்த சாவி தவறாக இருக்கலாம் என்று டபிள்யூபிஏ சப்ளிகன்ட் எழுதிவைக்கிறது. "இருக்கலாம்" என்பதை நெட்வொர்க் மேனேஜர் பயனரிடம் கேள்வியாகவே கேட்டுவிடுகிறது. தொலைந்துபோன செய்தியையும் தவறான பாஸ்வேர்டையும் அந்தக் கட்டத்தில் அதனால் பிரித்தறிய முடிவதில்லை. நேற்றுவரை ஏற்ற பாஸ்வேர்டை இன்று திடீரென்று கேட்டால், பாஸ்வேர்டை மாற்றப் போகாதீர்கள். பதிவைப் பாருங்கள்.

## சந்தேகங்கள் ஒவ்வொன்றாக

முதலில் கெர்னல். காலப்பொருத்தம் இருந்ததால் இதை ஒதுக்க முடியவில்லை. கணினி துவங்கும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய கெர்னல் இன்னும் இருந்தது. அதில் துவக்கி ஒரு மாலை ஓட்டினோம். ஏழு மணிக்கு அதே கதை. டிரைவரும் கெர்னலோடு சேர்ந்தே பழையதாகிவிடுவதால் இரண்டு சந்தேகமும் ஒருசேர விழுந்தன. வெளியிலிருந்து டிரைவர் எடுத்துப் போடுவதில்லை என்ற முடிவும் அப்போதே எடுத்தோம். அப்படிப்பட்ட டிரைவரைக் கெர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டியாக வேண்டும். ஒருமுறை கட்டத் தவறினால் வைஃபையே இல்லாத கணினியோடு ஆசிரியை உட்கார்ந்திருப்பார். வேறு வழியே இல்லாதபோது எடுக்க வேண்டிய முடிவு அது. ஆதாரம் டிரைவரைக் காட்டாதபோது அதைச் செய்ய முகாந்திரமே இல்லை.

அடுத்தது மின்சேமிப்பு. நெட்வொர்க் மேனேஜரில் இது இயக்கத்தில் இருந்தது. வைஃபை சும்மா இருக்கும்போது அதில் அலைகளை அனுப்பி வாங்கும் பகுதியை இடையிடையே தூங்கவைக்கும் ஏற்பாடு. மடிக்கணினிக்கு நல்லது, எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் மேசைக் கணினிக்கு அவசியமே இல்லை. 'ஐடபிள்யூ' மூலம் தற்காலிகமாக நிறுத்திப் பார்த்தோம். பகலில் பிங் எடுக்கும் நேரம் அவ்வப்போது எகிறிக்கொண்டிருந்தது நின்றுபோனது. ஆக அதிலும் ஒரு பலன் இருந்தது. ஆனால் ஏழு மணித் தொல்லையில் இம்மியும் மாற்றமில்லை. பதிவு இல்லாமல் வெறும் உணர்வை வைத்துப் பார்த்திருந்தால், "கொஞ்சம் பரவாயில்லை" என்று இதிலேயே நின்றிருப்போம். ஒரு கணினியில் இரண்டு கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்போது இந்தப் "பரவாயில்லை" ரொம்ப ஆபத்தானது.

மூன்றாவது, அக்கம்பக்கத்து வைஃபை நெரிசல். மாலையில் எல்லோரும் வீடு திரும்பி இணையத்தைப் பயன்படுத்துவார்கள், அதனால் ஏழு மணிக்குக் கெடுகிறது என்பது கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். நெரிசல் நிஜமான காரணமாக இருக்க முடியும். ரவுட்டரில் சேனலை 6-இலிருந்து 11-க்கு மாற்றிப் பார்த்தோம். ஒரு வித்தியாசமும் இல்லை.

செல்பேசி ஒழுங்காக ஓடுகிறதே என்ற வாதத்தையும் இங்கே சோதித்தாக வேண்டும். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் என்று சொன்னேன் அல்லவா? செல்பேசி அதில் 5 கிகாஹெர்ட்ஸைப் பிடித்திருந்தது, டாங்கிள் 2.4-ஐ. வெவ்வேறு சாலையில் போகும் இரண்டையும் ஒப்பிட்டு லினக்ஸ்மேல் பழி போட்டிருக்கிறார்கள். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸைச் சற்று நேரம் அணைத்து, செல்பேசியையும் 2.4-க்குத் தள்ளினோம். இப்போதுதான் நியாயமான ஒப்பீடு. ஏழேகால் மணிக்கு மேசைமேல் இருந்த செல்பேசி 2.4-இலும் ஒழுங்காகவே ஓடியது. நெரிசல் என்ற சந்தேகமும் இத்தோடு தீர்ந்தது. கெடுவது அறை முழுக்க அல்ல, டாங்கிள் இருக்கும் இடத்தில் மட்டும்.

## திருப்புமுனை

இத்தனை மாலைகளின் பதிவையும் அடுக்கி வைத்துப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. ரீட்ரை ஏறத் தொடங்கும் நேரம் ஒவ்வொரு நாளும் 7:00. 6:58 இல்லை, 7:04 இல்லை. முடியும் நேரமும் ஏறக்குறைய அதேதான், 7:35-ஐ ஒட்டி. மனிதர்களால் வரும் நெரிசல் இப்படி மணியடித்தாற்போல் தொடங்காது. இது கணினியின் வேலை.

குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளை 'சிஸ்டம்சிடிஎல்' காட்டும் டைமர் பட்டியலில் ஏழு மணிக்கு எதுவும் இல்லை. அதே வகையான இன்னொரு பட்டியலான 'க்ரான்டாப்'பில் ஒரே ஒரு வரி இருந்தது: தினமும் 19:00 மணிக்கு ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட்.

கேட்டபோது அக்கா மகன் சொன்னார்: "சித்தியோட வகுப்புப் பதிவுகள் எல்லாம் ஒரே டிஸ்க்ல இருந்துச்சு அண்ணா. அதான் வெளி ஹார்ட் டிஸ்க் ஒண்ணு வாங்கி பேக்கப் போட்டேன். ஏழு மணிக்குன்னா கம்ப்யூட்டர் கண்டிப்பா ஆன்ல இருக்கும்." நல்ல எண்ணம், நல்ல காரணம். வகுப்பு நேரத்தில் கணினி ஓடிக்கொண்டிருக்கும் என்பதால்தான் வகுப்பு நேரமே தேர்வாகியிருக்கிறது. கெர்னல் மாறிய அதே வாரத்தில்தான் ஹார்ட் டிஸ்க்கும் வந்திருக்கிறது. வைஃபைக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தோன்றாததால், "சமீபத்தில் என்ன மாற்றினீர்கள்?" என்ற கேள்விக்கு அது பதிலாக வரவே இல்லை.

டவரை முன்னுக்கு இழுத்துப் பின்பக்கம் பார்த்தோம். நீல நிற யூஎஸ்பி போர்ட் இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாக. மேலே டாங்கிள், கீழே ஹார்ட் டிஸ்க்கின் கேபிள். இரண்டுக்கும் இடையில் ஒரு விரல்கூட நுழையாது.

## ஹார்ட் டிஸ்க் எப்படி வைஃபையைக் கெடுக்கும்?

யூஎஸ்பி 3.0 விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவை அனுப்புகிறது. அவ்வளவு வேகமாக மாறும் மின் சிக்னல், கம்பிக்குள் மட்டும் அடங்கி நிற்பதில்லை. இணைப்பியிலிருந்தும் சரியாகக் கவசமிடப்படாத கேபிளிலிருந்தும் கொஞ்சம் வானொலி இரைச்சலாக வெளியே கசிகிறது. அந்த இரைச்சல் அகலமானது, 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். சேனல் மாற்றியும் பலனில்லாமல் போனதற்குக் காரணம் இதுதான். இன்டெல் நிறுவனம் 2012-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கையே வெளியிட்டது. யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கை இணைத்ததும் பக்கத்தில் இருக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரில் பின்னணி இரைச்சல் ஏறக்குறைய 20 டெசிபல் உயர்வதை அதில் அளந்து காட்டியிருக்கிறார்கள். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு. இது எந்த ஒரு டிஸ்க்கின் குறையும் அல்ல, எந்த இயங்குதளத்தின் குறையும் அல்ல. அந்த வேகத்தின் இயல்பே அது.

சாதாரண நேரத்தில் டாங்கிளின் பின்னணி இரைச்சல் மைனஸ் 95 டிபிஎம் பக்கம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரவுட்டரின் சிக்னல் மைனஸ் 67. இடைவெளி 28 டெசிபல், வசதியான நிலை. இரைச்சல் 20 ஏறினால் இடைவெளி 8 ஆகிறது. அடிமட்ட வேகத்தில் தட்டுத்தடுமாறிப் பேசத்தான் அது போதும். ரவுட்டரின் குரல் ஒரு துளியும் குறையவில்லை. காதருகே யாரோ மிக்ஸியைப் போட்டுவிட்டார்கள். வைஃபை குறியில் இருக்கும் கோடுகள் குரலின் அளவை மட்டும் காட்டுகின்றன, மிக்ஸியைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது.

கணினி அனுப்புவது ஏன் ரீட்ரை ஆக வேண்டும் என்று கேட்கலாம். இரைச்சல் கணினிப் பக்கம்தானே, ரவுட்டருக்கு நன்றாகத்தானே கேட்டிருக்கும்? கேட்டிருக்கும். ஆனால் வைஃபையில் அனுப்பும் ஒவ்வொரு துண்டுக்கும் எதிர்முனை உடனே ஓர் ஒப்புகை தர வேண்டும். ரவுட்டர் தந்த ஒப்புகை இரைச்சலில் மூழ்கிப்போக, டாங்கிள் அதே துண்டை மறுபடி அனுப்புகிறது. தூரம் அதிகமாகிவிட்டது என்று எண்ணி வேகத்தையும் குறைத்துக்கொள்கிறது. பதிவில் பார்த்தது எல்லாம் இதோடு பொருந்திவிட்டது.

## உறுதிசெய்த சோதனை

பொருத்தமான விளக்கம் கிடைத்ததற்கும் நிரூபணத்துக்கும் இடையே தூரம் இருக்கிறது. பேக்கப் ஓடும்போது செயலியும் உழைக்கிறது, டிஸ்க்கும் உழைக்கிறது, மின்சாரமும் கூடுதலாக இழுக்கப்படுகிறது. இவற்றில் எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். வகுப்பில்லாத ஒரு மதியம் உட்கார்ந்து, பேக்கப் ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தோம்.

பழையபடி இரண்டும் அடுத்தடுத்து இருக்க ஓட்டியபோது மதியமே தொல்லை வந்தது. ஆக மாலை நேரம் காரணமில்லை. அடுத்து, வெளி டிஸ்க்கைத் தொடாமல் உள் டிஸ்க்குக்குள்ளேயே அதே அளவு தரவைப் படிக்கவும் எழுதவும் வைத்தோம். இணைப்பு அசையவில்லை. வேலைப்பளு காரணமில்லை. மூன்றாவதாக, வெளி டிஸ்க்கைக் கறுப்பு நிற யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றினோம். 'எல்எஸ்யூஎஸ்பி'யின் மரவடிவப் பட்டியலில் அதற்கு நேரே 5000எம் என்று இருந்தது 480எம் என்று மாறியிருப்பதைப் பார்த்துவிட்டு ஓட்டினோம். பேக்கப் மிக மெதுவாக ஊர்ந்தது. வைஃபை கல்லுப்போல நின்றது.

கடைசிச் சோதனைதான் எனக்கு முழுத் திருப்தி தந்தது. டிஸ்க்கை மறுபடி அதே நீலப் போர்ட்டில் செருகினோம். டாங்கிளும் அதே பழைய போர்ட்தான், ஆனால் நடுவில் ஒரு மீட்டர் நீளமுள்ள யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள். டாங்கிளை மேசைமேல் வைக்கலாம் என்றார் அக்கா மகன். வேண்டாம் என்றேன். மேலே வைத்தால் சிக்னலும் கூடிவிடும், எதனால் சரியானது என்று சொல்ல முடியாது. தரையிலேயே, அதே உயரத்தில், டவருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி வைத்தோம். சிக்னல் அதே மைனஸ் 67. பேக்கப் முழு வேகத்தில் ஓடி முடிந்தது. ரீட்ரை லேசாக ஏறியதோடு சரி, இணைப்பு அறுபடவில்லை. மின்சாரம் வருவது அதே போர்ட்டிலிருந்துதான், அதுவும் கூடுதல் கம்பி வழியாக. ஆகவே மின்சாரக் குறைவு என்ற சந்தேகமும் நிற்காது. டாங்கிள் துண்டிக்கப்பட்டதாகவோ மறுபடி துவங்கியதாகவோ கெர்னலின் 'டிமெசேஜ்' பதிவில் ஒரு வரிகூட இல்லை. மாறியது தூரம் மட்டுமே.

நீட்டிப்பை எடுத்துவிட்டு மறுபடி பழையபடி செருகினோம். தொல்லை திரும்பி வந்தது. அதோடு சோதனையை முடித்துக்கொண்டோம்.

## செய்த ஏற்பாடுகள்

நீட்டிப்புக் கேபிளை நிரந்தரமாக்கி, டாங்கிளை மேசையின் மேல்விளிம்புக்குக் கொண்டுவந்தோம். இப்போது தயக்கமில்லாமல் மேலே வைக்கலாம். சிக்னல் மைனஸ் 54-க்கு ஏறியது. உலோகப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் இத்தனை நாள் அது அடைபட்டுக் கிடந்திருக்கிறது. டிஸ்க்கின் கேபிளை டவரின் மறுபக்கப் போர்ட்டுக்கு மாற்றினோம்.

பேக்கப் ஸ்கிரிப்டையும் பார்த்தோம். அது கோப்புகளை நகலெடுக்கும் 'ஆர்சிங்க்' கட்டளையைச் செக்சம் விருப்பத்தோடு ஓட்டிக்கொண்டிருந்தது. அதாவது தினமும் இரு டிஸ்க்கிலும் உள்ள எல்லாக் கோப்புகளையும் முதலிலிருந்து கடைசிவரை படித்து ஒப்பிடும். முப்பத்தைந்து நிமிடம் ஆனது அதனால்தான். தினசரி ஓட்டத்தில் அளவையும் தேதியையும் மட்டும் ஒப்பிடும்படி மாற்றி, முழு ஒப்பீட்டை வாரம் ஒருமுறை என்று ஒதுக்கினோம். நேரத்தையும் வகுப்பு முடிந்த பிறகு என்று தள்ளினோம். நேரத்தைத் தள்ளியது மட்டுமே போதுமே என்று தோன்றலாம். போதாது. அவர் வகுப்பின் நடுவே அந்த டிஸ்க்கிலிருந்து ஒரு பழைய பதிவைத் திறந்தால் அதே தொல்லை வரும்.

மின்சேமிப்பை நிறுத்தியதை நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதினோம். அதில் மதிப்பு 2 என்றால் நிறுத்து, 3 என்றால் இயக்கு. 'ஐடபிள்யூ' மூலம் செய்வது நிலைக்காது. கணினியை அணைத்துப் போட்டாலே பழைய நிலைக்குப் போய்விடும்.

அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் பதிவு ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டே இருந்தது. வகுப்பு நேரத்தில் இணைப்பு அறுந்ததாக ஒரு வரியும் இல்லை. பாஸ்வேர்டு பெட்டியும் தலைகாட்டவில்லை.

## அடுத்த முறை வரிசை எப்படி இருக்கும்

இப்போது யாராவது லினக்ஸ் கணினியில் வைஃபை அறுபடுகிறது என்றால், என் முதல் கேள்வி மாறியிருக்கிறது. "என்ன அப்டேட் செய்தீர்கள்?" என்று கேட்டால் மென்பொருள் பதில்தான் வரும். "கணினியிலும் அதைச் சுற்றியும் புதிதாக எதைச் செருகினீர்கள், எதை நகர்த்தினீர்கள்?" என்று கேட்டு, முடிந்தால் பின்பக்கத்தைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அந்தப் புகைப்படம் எங்களிடம் முதல் நாளே இருந்திருந்தால் பழைய கெர்னலில் ஒரு மாலையைச் செலவழிக்க வேண்டி வந்திருக்காது.

செல்பேசியோடு ஒப்பிடும்போது இரண்டும் எந்த அலைவரிசையில் இருக்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். செல்பேசி 5 கிகாஹெர்ட்ஸில் நன்றாக ஓடுவது 2.4 பற்றி எதையும் சொல்லாது.

சில டிரைவர்கள் 'ஐடபிள்யூ'வின் சர்வே பட்டியலில் பின்னணி இரைச்சலையே எண்ணாகக் காட்டும். அப்படி இருந்தால் இந்த வழக்கு பத்து நிமிட வேலை. பல யூஎஸ்பி டாங்கிள்களைப் போல இந்த டாங்கிளும் அதைத் தரவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் சிக்னலையும் ரீட்ரையையும் சேர்த்துப் பார்ப்பதே அடுத்த நல்ல வழி. இரண்டும் சேர்ந்து கெட்டால் தூரம் அல்லது தடை. ரீட்ரை மட்டும் கெட்டால் நெரிசல் அல்லது இரைச்சல்.

ஆசிரியை இப்போது 5 கிகாஹெர்ட்ஸும் தெரிந்த ஒரு டாங்கிளுக்கு மாறிவிட்டார். கெர்னலிலேயே டிரைவர் உள்ள சிப்பா என்று பார்த்துத்தான் வாங்கினோம். நீட்டிப்புக் கேபிளை அப்படியே விட்டுவைத்திருக்கிறோம். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் சேனலைத் தானியங்கியாக விடாமல் 36-இல் நிறுத்தியிருக்கிறோம். 52-இலிருந்து மேலே உள்ள பல சேனல்கள் ரேடாரோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. ரேடார் தென்பட்டதாக ரவுட்டர் நினைத்தால் உடனே அந்தச் சேனலைக் காலி செய்ய வேண்டும், போய்ச் சேரும் புதிய சேனலும் அப்படிப்பட்டதாக இருந்தால் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்ட பிறகே ஒலிபரப்ப முடியும். வகுப்பு நடுவில் அந்த ஒரு நிமிடம் வேண்டாம் என்பது ஆசிரியையின் முடிவு.